சாப்பாட்டுப் பை என்ன நிறம்?

உங்கட பூனை என்ன சாப்பிடுறது எண்டு மிருக டொக்டர் கேட்டா, உண்மையைச் சொல்லுவீங்களோ?

புழுகாதீங்கோ மக்காள். என்ர வயசுக்காரர் பாதிப்பேர் இப்ப பூனை, நாய், முயல் எண்டு ஏதோ ஒண்டு வளக்கிறீங்கள். ஸ்டோரியில போட்டுத் தள்ளுறீங்கள். ஆனா டொக்டர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப்போட்டு "வேற ஏதும் குடுக்கிறனீங்களோ?" எண்டு கேட்ட உடன, "சேச்சே, அந்தப் பெட்டியில இருக்கிறது மட்டும்தான்" எண்டு மூஞ்சையைப் பச்சைப்பிள்ளை மாதிரி வச்சுக்கொண்டு சொல்லுறீங்கள். அப்ப நேற்று கொத்துரொட்டி ஊட்டினது ஆர்?

அந்தக் கேள்வியள் ஒருநாளும் மாறாது, கவனிச்சனீங்களோ? ஊசி போட்டாச்சோ. வெளியில போறதோ. தண்ணி எவ்வளவு குடிக்குது. சத்தி எடுத்ததோ. கடைசியா எப்ப கக்கா இருந்தது, என்ன நிறம். என்ன சாப்பிடுது. மற்ற ஆக்களுக்கு இது சும்மா கேள்வி. எங்கட அப்பாவுக்கு இது விசாரணை.

எனக்கு அப்ப ஒன்பது வயசு. சுவிஸில, ஓஸ்டர்முண்டிகன் எண்ட ஊரில மூண்டாம் மாடி. இலை எல்லாம் மஞ்சளாகி பஸ் ஸ்ரொப்பில சப்பாத்தோட ஒட்டிக்கொண்டு வாற காலம். அப்பா ஆஸ்பத்திரிக் குசினியில வேலை. அவரோட வேலை செய்த ஒரு சுவிஸ் மனிசி வீடு மாறேக்க, "உனக்குத்தான் பிள்ளையள் இருக்கே" எண்டு ஒரு வயசுப் பூனை ஒண்டைக் கையில குடுத்திட்டா. அப்பாவுக்கு நல்லா ஜெர்மன் வரும், ஆனா ஒரு சுவிஸ் ஆளைப் பாத்து 'நைன்', இல்லை எண்டு சொல்ல மட்டும் வராது. அப்பிடித்தான் பூனை வந்தது.

கறுப்பும் வெள்ளையும். மூக்கில ஒரு பக்கம் மட்டும் கறுப்பு, பேனை மை கொட்டினமாதிரி. பேர் வைக்கிறதில நானும் அக்காவும் ரெண்டு கிழமை அடிபட்டம். அதுக்கிடையில அம்மா "பூனை, இஞ்ச வா" எண்டு கூப்பிட்டுப் பழக்கிப்போட்டா. வேற எதுக்கும் அது திரும்பிப் பாக்கேல்லை. கதை முடிஞ்சுது.

முதல்முதல் ஊசி போடக் கொண்டுபோனம். பூனைக்கூடு எல்லாம் எங்களிட்ட இல்லை. உடுப்புக் கூடை ரெண்டைக் கவிட்டுப் பொருத்தி, அம்மாவின்ர பாவாடை நாடாவால கட்டினம். பச்சை பிளாஸ்ரிக் கூடை. ஓட்டையளுக்குள்ளால கால் ஒண்டு வெளியில வந்து பஸ்ஸில போன சனத்துக்கெல்லாம் ஹலோ சொல்லிக்கொண்டு வந்தது. அந்தக் கூடையள் இப்ப எங்க போச்சுதோ தெரியாது.

கிளினிக்கில ரிசப்ஷன் மனிசி ஒரு ஃபோம் தந்தா. ஃபோமைக் கண்ட உடன அப்பா நிமிந்து இருந்திட்டார். சேட்டுக் கொலரைச் சரிசெய்தார். மிருகத்தின்ர பேர் எண்ட இடத்தில 'பூனை' எண்டு இங்கிலிஷ் எழுத்தில எழுதினார். அடுத்தது, எங்கயிருந்து வந்தது. அவர் யோசிக்கவே இல்லை, ஸ்ரீலங்கா எண்டு எழுதிப்போட்டார்.

"அப்பா! அது பூனை எங்க பிறந்தது எண்டு கேக்குது!" அக்கா.

"ஓ." அப்பா பேனையோட நிண்டார். "அது எங்க பிறந்தது?"

"வில் எண்ட ஊரில. அந்த மனிசி சொன்னவ."

"வடிவாத் தெரியுமோ? பிறகு மாறிச் சொல்லப்படாது."

அக்காவுக்கு அப்ப பதினைஞ்சு வயசு. கண்ணை உருட்டின உருட்டில கண் திரும்பி வருமோ எண்டு எனக்குப் பயம் வந்திட்டுது.

டொக்டர் உயரமான பொம்பிளை, கையில ஒரு மோதிரமும் இல்லை, நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. பூனையின்ர வாயைத் திறந்து பாத்திட்டு, காய்ஞ்ச சாப்பாடு குடுங்கோ, பல்லுக்கு நல்லது எண்டு சொன்னா. அப்பா ஒரு பன்னிரண்டு தரம் தலையாட்டினார். நாங்கள் வாங்கேல்லை. "கல்லு மாதிரிக் கிடக்கு, உதை ஆர் தின்னுறது" எண்டு அம்மா சொல்லிப்போட்டா. ரின் சாப்பாடும் மீன் தலையுமா அது சந்தோசமா இருந்தது.

இப்ப அப்பாவின்ர கதையைக் கொஞ்சம் சொல்லவேணும், இல்லாட்டி உங்களுக்கு விளங்காது. அவர் இந்த நாட்டுக்கு அகதியா வந்த நேரம் ரெண்டு இன்ரவியூ. முதல் இன்ரவியூவில, யாழ்ப்பாணத்தில இருந்து பஸ் ஏறினது செவ்வாய்க்கிழமை எண்டு சொன்னவர். ரெண்டாவதில புதன்கிழமை எண்டு சொல்லிப்போட்டார். அவ்வளவுதான். கதை மாறுது எண்டு எழுதி, கேஸைத் தட்டிவிட்டிட்டாங்கள். பிறகு அப்பீல் அது இது எண்டு வருசக்கணக்கில இழுபட்டுத்தான் விசா கிடைச்சது. அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒரு சட்டம். மேசைக்கு அங்கால ஒரு ஆள் பேனையோட இருந்தா, மூண்டு சொல்லுக்கு மேல கதைக்கப்படாது. எல்லாரும் ஒண்டையே சொல்லவேணும். பள்ளிக்கூட ரீச்சர் மீற்றிங்குக்குக்கூட எங்களுக்கு ரிகேர்சல் நடக்கும், லிட்றலி.

அந்த இலையுதிர் காலம்தான் சுவிஸ் பாஸ்போட்டுக்கும் எழுதிப் போட்டிருந்தவர், அதுக்கும் நாட்டைப் பற்றிக் கேள்வி கேப்பாங்கள். செம்மஞ்சள் ஃபைல் ஒண்டு எப்பவும் மேசையில கிடக்கும். இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க "ஏழு மந்திரிமாரையும் சொல்லு பாப்பம்" எண்டு என்னைக் கேப்பார். நான் சொல்லிப்போடுவன். அவர் ஆறோட நிண்டு, ஏழாவது ஆளைத் தேடி முகட்டைப் பாப்பார்.

அதுக்குள்ள கந்தசட்டி வந்தது.

ஆறு நாள். அம்மா குசினியைத் தலைகீழாக் கழுவினா. மீன் சட்டி, முட்டை, அக்காவின்ர சலாமி எல்லாம் வீட்டை விட்டு வெளியில. பூனையின்ர ரின்னுகளையும் ஒரு பையில போட்டு, கீழ நிலவறையில கொண்டுபோய் வச்சிட்டு வந்தா.

"அம்மா, பூனை மச்சம் தின்னுற இனம்" எண்டு அக்கா சொன்னா.

"ஆறு நாள்தானேடி. நீங்கள் ரெண்டுபேரும் பள்ளிக்கூடத்தில களவாப் பிட்சா தின்னுறது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? அது எண்டாலும் ஒழுங்கா விரதம் பிடிக்கட்டும்."

அதுக்கு அம்மா சோறும் சொதியும் போட்டா. தேங்காயின்ர முதல் பால் விட்ட கட்டிச் சொதி, மஞ்சளாப் பளபளக்கும். பூனைக்கு உறைக்கும் எண்டு பச்சைமிளகாயை எல்லாம் பொறுக்கி எடுத்தா. வெங்காயம் தொண்டையில சிக்கும் எண்டு விரலால நசிச்சு நசிச்சு, சோத்தோட பசையாக் குழைச்சு வச்சா. எங்களுக்குக்கூட அவ அப்பிடிக் குழைச்சுத் தந்ததில்லை. பூனை நக்கின நக்கில, கோப்பை நிலத்தில உரசி உரசிப் போய் அலுமாரியில முட்டும். ரெண்டு நேரம், ஒவ்வொரு நேரமும் அந்தச் சத்தம். "பாத்தியளோ, சைவப் பூனை!" எண்டு அம்மா கோயிலில எல்லாருக்கும் சொல்லிப் பெருமைப்பட்டா.

அஞ்சாம் நாள் காலமை கோப்பை அசையேல்லை.

பூனை ஹீற்றருக்குக் கீழ கிடந்தது. தூக்கினா துணிமாதிரித் தொங்கிச்சு. நான் வாயைத் திறந்து பாத்தன், டொக்டர் செய்தமாதிரி. பல்லு முரசு கொப்பித் தாள் மாதிரி வெள்ளை. மண் பெட்டியில மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில கிடந்தது.

அம்மா நாவூறு எண்டு சொன்னா. கோயிலில சொல்லித் திரிஞ்சது தான்தான், அதால தன்ர பிழை எண்டு சொல்லி, செத்தல்மிளகாயும் உப்பும் எடுத்துப் பூனையைச் சுத்தி மூண்டுதரம் சுத்தினா. பல்கனியில போட்டு எரிக்க, பக்கத்து வீட்டுச் சுவிஸ் கிழவர் இருமி இருமிக் கதவைச் சாத்தினார். பூனை கண்ணைத் திறக்கேல்லை.

"டொக்டரிட்ட கொண்டுபோவம் அப்பா" எண்டு நான் அழத்தொடங்கினன்.

"போவம் பிள்ளை, போவம். அதுக்கு முதல் எல்லாரும் இருங்கோ."

நம்புறீங்களோ? பூனை சாகக் கிடக்குது, எங்களுக்கு மேசையில மீற்றிங்.

"அவ என்ன சாப்பாடு எண்டு கேப்பா. காய்ஞ்ச சாப்பாடு மட்டும். விளங்கிச்சோ? போன முறை அவ சொன்னது அதுதான். கோயிலைப் பற்றி, விரதத்தைப் பற்றி ஒரு சொல்லு கதைக்கப்படாது."

"அப்பா, அவ பூனை டொக்டர். விசாக் கந்தோர் இல்லை."

"உனக்கு என்ன தெரியும்? இஞ்ச மிருகத்துக்குச் சட்டம் இருக்கு. கோயிலுக்காகப் பூனைக்கு மரக்கறி குடுத்தவங்கள் எண்டு எழுதுவா. அது கெமைன்டேக்கு, எங்கட ஊர்ச்சபைக் கந்தோருக்குப் போகும். அங்கதானே எங்கட பாஸ்போட் பேப்பர் கிடக்கு. பிறகு ஏழு மந்திரி என்ன, எழுவது மந்திரியைப் பாடமாக்கினாலும் சரிவராது." அப்பா என்னைப் பாத்தார். "சொல்லு பாப்பம். பூனை என்ன சாப்பிடுது?"

"காய்ஞ்ச சாப்பாடு மட்டும்."

"கெட்டிக்காரி."

பஸ்ஸிலயும் ரெண்டுதரம் கேட்டார். கூடைக்குள்ளால இந்தமுறை கால் வெளியில வரேல்லை.

டொக்டர் பூனையைத் தொட்ட உடன முகம் மாறிச்சு. முரசைப் பாத்தா, வயித்தை அமத்தினா, கெதி கெதியாக் கேட்டா. எப்ப தொடங்கினது? வெளியில போறதோ? சத்தி எடுத்ததோ? என்ன சாப்பிடுது?

"காய்ஞ்ச சாப்பாடு மட்டும்" எண்டார் அப்பா.

டொக்டர் அக்காவைப் பாத்தா. "காய்ஞ்ச சாப்பாடு மட்டும்." அம்மாவைப் பாத்தா. அம்மாவுக்குத் தெரிஞ்ச ஜெர்மன் இருவது சொல்லு, அதில மூண்டை எடுத்து அதே ராகத்தில சொன்னா. நானும் சொன்னன். நாலுபேரும் கோயிலில பஞ்சபுராணம் பாடினமாதிரி.

அவ இரத்தம் எடுத்துக்கொண்டு உள்ள போனா. நாங்கள் சுவரோட நிண்டம். ஸ்பிரிட் மணமும் ஈர நாய் மணமும். திரும்பி வரேக்க அவவின்ர கதை மெல்லமா வந்தது.

"சிவப்பு அணுக்கள் உடையுது. ஏதோ நஞ்சு மாதிரி ஒண்டு உள்ள போயிருக்கு. வெங்காயம், உள்ளி ஏதும் குடுத்தனீங்களோ? சமைச்சது எண்டாலும் சரி. இல்லாட்டி தலையிடிக் குளிசை?"

அக்கா மொழிபெயர்த்தா. "பூனைக்கு ஆர் பனடோல் குடுக்கிறது!" எண்டு அம்மாவுக்குக் கோவம் வந்திட்டுது. வெங்காயம் எண்ட சொல்லுக்கு அவவின்ர கை தானாத் தன்ர மற்றக் கையைப் பிடிச்சுது. நான் கண்டனான்.

"நைன்" எண்டார் அப்பா. அந்தச் சொல்லு அவற்ற வாயால ஒரு சுவிஸ் ஆளுக்கு வந்ததை அண்டைக்குத்தான் முதல்தரம் கேட்டன். அதுவும் பொய்.

"எனக்கு எது எண்டு தெரியவேணும்" டொக்டர் சொன்னா. "குளிசை எண்டால் ஒரு மருந்து, வெங்காயம் எண்டால் வேற வழி, கிருமி எண்டால் அதுக்கு வேற. எல்லாத்தையும் ஒவ்வொண்டாத் தேடிக்கொண்டிருக்க இதுக்கு நேரம் இல்லை." பிறகு சும்மா கேட்டா, சத்தியமாச் சும்மாதான் கேட்டா: "சிலவேளை சாப்பாடு பழுதாப் போயிருக்கலாம். அந்தப் பை என்ன நிறம்?"

"நீலம்" எண்டார் அப்பா.

"பச்சை" எண்டா அக்கா, அதே நேரத்தில.

அம்மா மேசையில கிடந்த ஏதோ ஒரு பெட்டியைப் பாத்து "சிவப்பு" எண்டா.

டொக்டர் பேனையைப் பிடிச்சபடி எங்களை ஒவ்வொருத்தராப் பாத்தா. நான் அப்பாவைப் பாத்தன். அவற்ற முகம் பூனையின்ர முரசு மாதிரி ஆயிட்டுது. அப்ப நான் நினைச்சது, இந்த மனிசி எங்களுக்குப் பொறி வச்சுப் பிடிச்சிட்டா எண்டுதான். கனகாலமா அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். அவ பாவம், எந்தக் கொம்பனி எண்டு அறியத்தான் கேட்டவ.

"பை இல்லை" எண்டு நான் சொன்னன். "பையே இல்லை. அம்மா சொதி குடுத்தவ."

அக்கா என்ர காலை மிதிச்சா. அப்பா மிதிக்கேல்லை. அவர் கதிரையை இழுத்து டொக்டரின்ர மேசைக்கு முன்னால இருந்தார். கூப்பிட ஒருத்தரும் இல்லை, தானாத்தான் இருந்தார். ரெண்டு கையையும் மேசையில வச்சார்.

"எழுதுங்கோ" எண்டார் ஜெர்மனில. "நான் முதல்ல இருந்து சொல்லுறன்."

சொன்னார் மக்காள். நாள் நாளா. முதலாம் நாள் விரதம் தொடங்கினது. ரின் எல்லாம் கீழ போனது. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. தேங்காய்ப்பால், மஞ்சள், வெந்தயம், வெங்காயம். ஒரு நேரத்துக்கு எவ்வளவு வெங்காயம் எண்டு டொக்டர் கேக்க, அப்பா திரும்பி அம்மாவைக் கேட்டார். "பாதி" எண்டா அம்மா. பிறகு, "பெரிசு எண்டால் பாதி. சின்னன் எண்டால் முழுசு. நான் நல்லா நசிச்சுத்தான்..." சொல்லிக்கொண்டு போகேக்கயே அவவுக்கு விளங்கி, சேலைத் தலைப்பை வாயில வச்சா.

டொக்டர் எல்லாத்தையும் எழுதினா. ரிசப்ஷன் மனிசியைக் கூப்பிட்டு ஏதோ கெதியாச் சொன்னா. பூனையை உள்ள கொண்டுபோச்சினம். டொக்டரும் எழும்பேக்க அப்பா கேட்டார், "இது கெமைன்டேக்குப் போகுமோ?"

"எது?"

"நீங்கள் எழுதினது."

"சொதியோ?" அந்தச் சொல்லை அவ வடிவாச் சொன்னா. "கெமைன்டேக்குச் சொதியை வச்சு என்ன செய்யிறது? இது பூனைக்கு எழுதினது."

அப்பா எழும்பேல்லை. "அப்ப ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ."

"என்ன?"

"நான் சொன்னதை. வாசிச்சுக் காட்டினா, நான் கையெழுத்து வைக்கிறன்."

இன்ரவியூவில அப்பிடித்தானாம் மக்காள். சொன்னதை எல்லாம் கடைசியில திருப்பி வாசிப்பாங்கள், சரி எண்டால் ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்து. டொக்டருக்கு அது எங்க தெரியும்? அவவுக்கு உள்ள வேலை கிடக்குது. கதவைப் பாத்தா, அப்பாவைப் பாத்தா. பிறகு நிண்டபடியே வாசிச்சா. ஆறு வரி இருக்கும். கெதியா, ஆனா ஒரு சொல்லும் விடாமல். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி" எண்டார். "எல்லாம் சரி."

அவ பேனையை நீட்டினா. பூனையின்ர அட்டையில, ஊசி விபரத்துக்குக் கீழ, அப்பா தன்ர முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்து வச்சார். அவ உள்ள ஓடினா.

வெளியில வந்து பஸ் ஸ்ரொப்பில நானும் அக்காவும் விழுந்து விழுந்து சிரிச்சம். "பூனைக்கு வாக்குமூலம் குடுத்த முதல் தமிழன்" எண்டு அக்கா சொன்னா. அப்பாவும் கொஞ்சம் சிரிச்சார். அம்மா மட்டும் வெறும் கூடையை மடியில வச்சுக்கொண்டு, தன்ர விரலை மணந்து மணந்து பாத்துக்கொண்டிருந்தா.

அண்டைக்குப் பின்னேரம் வேற பூனை ஒண்டின்ர இரத்தத்தை எங்கட பூனைக்கு ஏத்தினவையாம். ரிசப்ஷன் மனிசியின்ர சொந்தப் பூனை, ஏழு கிலோ, சுவிஸ் மாடு மாதிரி. வகை பொருந்திச்சாம். அடுத்தநாள் சூரன்போர். கோயிலுக்கு வெளிக்கிட்டு, வேட்டி கட்டினபடி அப்பா ரெலிபோனுக்குப் பக்கத்தில நிண்டார். அடிச்ச உடன எடுத்தார். "யா. யா. யா." வச்சார்.

"சாப்பிட்டதாம்."

"என்ன சாப்பிட்டது?" எண்டு அம்மா கேட்டா.

"நான் கேக்கேல்லை."

அம்மா அவரை ஒரு பார்வை பாத்திட்டு, சேலையோட கீழ இறங்கிப் போய், நிலவறையில இருந்து ரின் பையைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி மேசையில வச்சா. விரதம் முடிய இன்னும் அரைநாள் கிடந்தது.

நாலு நாள் கழிச்சு பூனை வந்தது. முன்னங்காலில ஒரு இடம் வழிச்சிருந்தது, கோழித்தோல் மாதிரி. பாஸ்போட் அடுத்த வருசம் வந்தது. கெமைன்டேயில ஏரி கேட்டவை, மலை கேட்டவை, குப்பை எந்தப் பையில போடுறது எண்டும் கேட்டவை. பூனையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

பஸ் ஸ்ரொப்பில சிரிச்ச சிரிப்பை நினைச்சா எனக்கு இப்ப கொஞ்சம் கூசுது. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதி, அவருக்கே வாசிச்சுக் காட்டி, நம்பின முதல் கந்தோர் அந்தப் பூனை கிளினிக்தான் எண்டு எனக்கு ஒன்பது வயசில எப்பிடி விளங்கும்? அக்காவிட்ட போன கிழமை கேட்டன். அவவும் அப்ப விளங்கேல்லை எண்டுதான் சொன்னா.

பூனைக்கு இப்ப பதினாறு வயசு, மேல்பல்லு ரெண்டு இல்லை.